ஒரு மீன் எப்போது ‘புதிய இனம்’ ஆகிறது?

‘புதிய வகை மீன் கண்டுபிடிப்பு’ என்று செய்தித்தாளில் அவ்வப்போது ஒரு பெட்டிச் செய்தி வரும். படிக்கிறவர் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான்: யாரோ வலை வீசினார், இதுவரை யார் கண்ணிலும் படாத மீன் சிக்கியது. ஏரி, ஆற்று மீன்களில் அப்படி நடப்பது அபூர்வம். செய்தியில் வரும் மீனை அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துக் குழம்பு வைத்திருப்பார்கள். அதற்கு ஒரு பெயரும் அவர்களிடம் இருந்திருக்கும். அப்புறம் எப்படி அது புதிது? இதற்கு முன் அறிவியல் பெயர் பெற்ற எல்லா மீன்களோடும் அதை ஒப்பிட்டு, அவற்றில் எதுவும் இது இல்லை என்று ஒருவர் காட்டி, அந்த ஆதாரத்தை அச்சில் ஏற்றிவிட்டார் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். பிடிப்பது ஒரு நாள் வேலை. ஒப்பிடுவதற்குத்தான் ஆண்டுகள் ஆகும்.

கடலூர், புதுச்சேரி பக்கத்து நன்னீர் மீன்களை வைத்துக்கொண்டு இதைப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. தென்னிந்திய மீன்களுக்கு ஐரோப்பியர்கள் பெயர் சூட்டத் தொடங்கிய காலத்தில், அவர்கள் கைக்கு மீன் போய்ச் சேர்ந்த வாசல்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று தரங்கம்பாடி, இன்னொன்று புதுச்சேரி. அதனால் நம் ஏரிகளில் சாதாரணமாகப் புரளும் சில மீன்கள், மற்ற ஊர் மீன்களை அளந்து பார்க்கும் அளவுகோலாக இருக்கின்றன. இது நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பாகூர் ஏரியில் வீச்சுவலையில் ஒரு கெண்டை விழுகிறது, வழக்கமான கெண்டை போல இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் உயிரோடு இருக்கும்போதே, ஒடுக்கமான கண்ணாடித் தொட்டியில் விட்டு, பக்கவாட்டில் படம் எடுக்க வேண்டும். ஏனென்றால் ஃபார்மலினில் போட்ட சில நாட்களில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் வெளுத்துவிடும். கறுப்புப் புள்ளிகளும் பட்டைகளும்தான் மிஞ்சும். மரபணு ஆய்வுக்கு வலப்பக்கத் துடுப்பிலிருந்து ஒரு சிறு துணுக்கு வெட்டித் தூய எத்தனாலில் வைப்பார்கள். வலப்பக்கம் என்பதற்குக் காரணம் உண்டு. அளவெடுப்பது, படம் வரைவது எல்லாம் இடப்பக்கத்தில் என்பது உலகம் முழுக்க நிலைத்துவிட்ட வழக்கம், அதனால் இடப்பக்கத்தைச் சேதப்படுத்தக் கூடாது. பிறகு மீனைப் பத்து சதவீத ஃபார்மலினில் சில நாட்கள் ஊறவைத்து, நீரில் அலசி, எழுபது சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுவார்கள். அதன் பின் அது நூற்றாண்டுகள் தாங்கும்.

அப்புறம்தான் எண்ணும் வேலை. உருப்பெருக்கியின் கீழ் மீனைக் கிடத்தி, ஊசி முனையால் ஒவ்வொரு செதிலாகத் தொட்டு எண்ண வேண்டும். மீனின் விலாவில் செவுளிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டில் இருக்கும் ஒவ்வொரு செதிலிலும் ஒரு நுண்துளை உண்டு. செவுள் மூடியைத் தாண்டியதும் வரும் துளையுள்ள முதல் செதிலில் தொடங்கி, வால் துடுப்பு மடியும் இடம் வரை எண்ணுகிறார்கள். வலையில் உரசிச் செதில் உதிர்ந்திருந்தால், அது பதிந்திருந்த தோல் பையை எண்ணிக்கொள்ளலாம். அடுத்தது முதுகுத் துடுப்பின் தொடக்கத்திலிருந்து அந்தக் கோடு வரை குறுக்காக எத்தனை வரிசை, கோட்டிலிருந்து கீழே எத்தனை வரிசை. ஒவ்வொரு துடுப்பிலும் கிளைக்காத கதிர் எத்தனை, கிளைத்த கதிர் எத்தனை. நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் எலும்பு முடியும் இடம் வரைதான் அளப்பார்கள், வால் துடுப்பைச் சேர்ப்பதில்லை. வால் நுனி கிழிந்துபோயிருக்கும், நம்ப முடியாது. கண்ணின் விட்டம், தலையின் நீளம், உடலின் உயரம் எல்லாம் அந்த நீளத்தின் சதவீதமாகக் கணக்கிடப்படும்.

கெண்டை விஷயத்தில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்த்தே ஆக வேண்டும். ஒன்று வாயோரத்து மீசை. சிலவற்றுக்கு இரண்டு இணை மீசைகள், சிலவற்றுக்கு ஓர் இணை, சிலவற்றுக்கு எதுவுமே இல்லை. இன்னொன்று முதுகுத் துடுப்பின் கடைசிக் கிளைக்காத முள். அதன் பின் விளிம்பில் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தால் சிலவற்றில் வழுவழுப்பாக வழுக்கும், சிலவற்றில் ரம்பப் பல் போல நெருடும். நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதியைப் பேரினம் என்பார்கள். ‘பன்டியஸ்’ பேரினத்தில் பல் இருக்காது. ‘சிஸ்டோமஸ்’ பேரினத்தில் பல்லும் இருக்கும், இரண்டு இணை மீசையும் இருக்கும். மார்க்கெட்டில் இரண்டும் கெண்டை என்றே ஒரே கூறில் கிடக்கும்.

இவை எல்லாவற்றையும் ஒரு மீனில் செய்தால் போதாது. குஞ்சுக்கும் வளர்ந்ததற்கும் உடல் விகிதம் மாறும். ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும். மழைக்காலத்தில் இனப்பெருக்கம் நடக்கும்போது சில ஆண் கெண்டைகளின் விலாவில் செம்பட்டை ஏறிவிடும், அதைப் பார்த்து வேறு மீன் என்று ஏமாந்தவர்கள் உண்டு. அதனால் பல அளவுகளில், இரு பாலிலும் மீன்கள் வேண்டும். அவற்றில் ஒன்றே ஒன்றை ‘ஹோலோடைப்’ என்று தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பெயர் எந்த உயிரைக் குறிக்கிறது என்று பின்னாளில் வழக்கு வந்தால், குப்பியில் இருக்கும் அந்த ஒற்றை மீன்தான் சாட்சி. துணைக்கு எடுத்துக்கொள்ளும் மற்றவை ‘பாராடைப்’. 1999க்குப் பிறகு வெளியாகும் எந்த இனப் பெயருக்கும், வகைமாதிரி (அதாவது சாட்சியாக நிற்கும் மீன்) எது, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதைக் கட்டுரையிலேயே சொல்ல வேண்டும் என்று பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு கட்டாயமாக்கியிருக்கிறது.

நம் ஊரின் சிக்கல் தொடங்குவது இங்கேதான். பாகூர்க் கெண்டை புதிது என்று சொல்ல, அதற்கு நெருக்கமான பழைய பெயர்களின் வகைமாதிரிகள் எப்படி இருந்தன என்று தெரிய வேண்டும். அவை எங்கே இருக்கின்றன?

பெர்லினில் பல. மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே உட்கார்ந்து உலக மீன்களை எல்லாம் விவரித்தார். தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் அவருக்கு மீன்களை அனுப்பிவைத்தார். விரால், பனையேறி, கரிமீன் எனத் தமிழர் நாவில் புழங்கும் பல மீன்களின் அறிவியல் பெயருக்குப் பின்னால் பிளாக்கின் பெயரும் 1790களின் ஓர் ஆண்டும் நிற்பதைப் பார்க்கலாம். ஜானுக்கு நன்றியாக ஒரு கடல் மீன் பேரினத்துக்கே ‘ஜானியஸ்’ என்று பெயரிட்டார் பிளாக்.

பாரீஸில் இன்னும் பல. லெஷனோ என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1816 முதல் 1822 வரை புதுச்சேரியில் இருந்தார். தாவரங்கள்தான் அவருடைய முதல் ஆர்வம், ஆனால் மீன்களையும் சாராயத்தில் போட்டு, உள்ளூர்ப் பெயர்களைக் கேட்டெழுதி, கப்பலேற்றினார். அவற்றைக் கொண்டுதான் ஜார்ஜ் குவியேவும் அஷீல் வாலன்சியெனும் தங்கள் பெருந்தொகுப்பில் தென்னிந்திய மீன்களை எழுதினார்கள். 1828 முதல் 1849 வரை 22 தொகுதிகளாக வந்த நூல் அது. குவியே 1832இல் இறந்தபின் வாலன்சியென் தனியாக இழுத்துச் சென்றார். புதுச்சேரிக் கெண்டை ஒன்றுக்கு அவர் 1842இல் வைத்த பெயர் ‘பார்பஸ் சப்நேசுட்டஸ்’. இன்று அது சிஸ்டோமஸ் பேரினத்தில் இருக்கிறது. இது வங்காளத்து ‘சரணா’ கெண்டையின் துணையினமா, தனியினமா என்பதில் ஆய்வாளர்கள் மாறி மாறி முடிவெடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தகராறை எப்படித் தீர்ப்பது? இருநூறாண்டுப் பழைய மீனில் நிறம் போயிருக்கும், துடுப்பு உடைந்திருக்கும், மரபணு சிதைந்திருக்கும். அப்போது ஆய்வாளர்கள் செய்வது, வகைமாதிரி எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊருக்கே போய்ப் புது மீன் பிடிப்பது. அதன் செதிலை எண்ணி, மரபணுவைப் படித்து, பழைய விவரிப்போடு பொருத்திப் பார்ப்பார்கள். பழைய பெயர் எதற்குச் சொந்தம் என்று அப்போதுதான் உறுதியாகும். அது உறுதியான பிறகுதான் காவிரிக் கெண்டையோ கேரளத்துக் கெண்டையோ அதிலிருந்து வேறுபடுகிறதா என்று சொல்ல முடியும். அதாவது நம் ஊசுடு ஏரியிலோ பாகூர் ஏரியிலோ நாளை கிடைக்கப்போகும் ஒரு சாதாரணக் கெண்டை, எங்கோ இன்னொரு ஆற்றில் ஒரு புதிய இனம் பிறப்பதற்குச் சான்றாக நிற்கலாம். ‘அரிய மீன் இல்லையே, இதை எதற்குச் சேகரிக்க வேண்டும்’ என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

பெயர் வைப்பதிலும் முன்னுரிமைச் சட்டம் கறாரானது. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சிஸ்டமா நாச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்புதான் தொடக்கக் கோடு. அதற்குப் பின் யார் முதலில் முறைப்படி வெளியிட்டாரோ அவர் வைத்ததே பெயர். பொருத்தமாக இல்லை என்பதற்காக மாற்ற முடியாது. கரிமீனுக்குப் பிளாக் 1790இல் சூரத் நகரின் பெயரை ஒட்டி ‘சுராடென்சிஸ்’ என்று வைத்துவிட்டார். அதன் தாயகம் தென்னிந்தியாவும் இலங்கையும் என்று இன்று யாவரும் அறிவோம், பெயர் அப்படியே இருக்கிறது. இன்னொரு சம்பவம் நமக்கு நெருக்கமானது. 2012இல் ரோஹன் பெத்தியகொடவும் சக ஆய்வாளர்களும் தெற்காசியக் கெண்டைகளைப் பல பேரினங்களாகப் பிரித்தபோது, மேற்குத் தொடர்ச்சி மலைக் கெண்டைகள் சிலவற்றுக்கு ‘திராவிடியா’ என்று பெயரிட்டார்கள். ஆனால் அதே பெயரை ஒருவர் ஏற்கெனவே ஓர் ஈயின் பேரினத்துக்கு வைத்துவிட்டிருந்தார். விலங்குலகில் ஒரு பேரினப் பெயர் ஒரு முறைதான். மீன் தன் பெயரை இழந்தது. 2013இல் அதற்கு ‘ஹலுதாரியா’ என்ற மாற்றுப் பெயர் வந்தது. புக்கானன் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன் நூலுக்குப் படம் வரைந்த ஹலுதார் என்ற வங்க ஓவியரின் நினைவாக வைத்தது. திராவிடியா போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் இருநூறாண்டாக யாரும் பேசாத ஓர் ஓவியரின் பெயர் மீனில் ஏறியதை நினைத்தால் அந்த வருத்தம் குறைகிறது.

மரபணு வந்த பிறகு செதில் எண்ணுவது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படித்து இனங்களைப் பிரித்துப் பார்ப்பது இப்போது வழக்கம். சந்தேகத்தைக் கிளப்ப அது அருமையான கருவி. ஆனால் ஒப்பிட வைத்திருக்கும் எழுத்து வரிசையே தவறான மீனிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் விடையும் தவறாகும். உலகின் பல ஆய்வகங்களில் மூளை ஆராய்ச்சிக்கு வளர்த்த, மியான்மரைச் சேர்ந்த கண்ணாடி போன்ற குட்டி மீனைப் பல ஆண்டுகள் ‘டானியோனெல்லா டிரான்ஸ்லூசிடா’ என்றே அழைத்துவந்தார்கள். எலும்பையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்த பிறகு 2021இல்தான் அது பெயரே இல்லாத இன்னோர் இனம் என்று தெரிந்து ‘டானியோனெல்லா செரிப்ரம்’ ஆனது.

சரி, நம் பகுதியில் புதிய நன்னீர் மீன் கிடைக்க வாய்ப்புண்டா? என் கணிப்பைச் சொல்கிறேன். முற்றிலும் புதிய, யாரும் கண்டிராத மீன் ஊசுட்டேரியிலோ வீராணத்திலோ எழுந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இவை மனிதர் வெட்டிய, கரை கட்டிய ஏரிகள். கோடையில் வற்றுபவை. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் விடப்படுபவை. ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் தொட்டியிலிருந்து தப்பிய ‘டேங்க் கிளீனர்’ மீனும் நுழைந்தவை. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பின் மலப்புறத்து வயலில் கிடைத்து, 2019இல் ‘எனிக்மாசன்னா கோலம்’ (Enigmachanna gollum) என்று பெயர் பெற்று உலகையே திரும்பிப் பார்க்க வைத்த நிலத்தடி மீன், செம்புரைக்கல் நிலத்தின் நீர்ப்பொந்துகளில் பிறந்த விந்தை. நம் மண் வேறு.

ஆனால் ஒரே பெயரில் அழைக்கப்படும் மீன் உண்மையில் இரண்டாக இருக்கும் வாய்ப்பு இங்கே நன்றாகவே உண்டு. அதற்கு ஏரியின் நீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வீராணத்துக்குக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருவது காவிரித் தண்ணீர். பாகூருக்குச் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் கொண்டுவருவது தென்பெண்ணைத் தண்ணீர். ஊசுட்டேரிக்குச் சுத்துக்கேணி வாய்க்காலில் வருவது சங்கராபரணித் தண்ணீர். பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மூன்று ஆற்று வடிநிலங்கள். நன்னீர் மீன் கடலைத் தாண்டிப் பக்கத்து ஆற்றுக்குப் போகாது. வெள்ளம் கலந்தால்தான், வாய்க்கால் வெட்டினால்தான் உண்டு. தனித்தனியே நெடுங்காலம் இருந்த கூட்டங்கள் சிறுகச் சிறுகப் பிரிந்திருக்கலாம். அயிரை, சிறு கெண்டை, கெளுத்தி போன்ற சின்ன மீன்களில்தான் இதைத் தேட வேண்டும். மாதிரிக் குப்பியில் ‘கடலூர் மாவட்டம்’ என்று மட்டும் எழுதிவைத்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. எந்த ஏரி, எந்த வாய்க்கால், எந்தத் தேதி, எந்த வலை என்பது வேண்டும்.

கடல் பக்கம் இந்த வேலை நம் மாவட்டத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. முடசல் ஓடை மீன் இறங்குதளத்தில் கிடைத்த விலாங்கு போன்ற ஒரு மீனுக்கு 2023இல் ‘ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுஎன்சிஸ்’ என்று பெயர் வந்தது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஏரி மீனுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

பெயரால் என்ன ஆகப்போகிறது என்பதற்குக் காவிரியின் திமில் மகசீர் போதும். 50 கிலோவைத் தாண்டும் பிரம்மாண்ட மீன். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தூண்டில்காரர்கள் அதைத் தேடி உலகின் மறுகோடியிலிருந்து வந்தார்கள். ஆனால் அது எந்த இனம் என்று தெளிவாக இல்லை. கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து சிறிய மீன்களை வைத்து விவரிக்கப்பட்டிருந்த ‘டோர் ரெமாதேவீ’தான் இந்தப் பெரிய மீனும் என்று 2018இல், மோயாற்று மீன்களையும் சேர்த்து ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். பாம்பாறு அமராவதிக்கும் அமராவதி காவிரிக்கும் போகிறது என்பதை நினைத்தால் பொருத்தம் விளங்கும். அதே ஆண்டு அது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்று ஏறியது. அதற்கு முன் அந்தப் பட்டியலில் இடம் கேட்கவே வழியில்லாமல் இருந்தது, மீன் குறைந்துகொண்டே போனது.

விதிமுறை தெரியாமல் யாரும் இறங்கிவிடக் கூடாது என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, புதிய உயிரினத்தைக் கண்டுபிடிக்கும் எவரும் அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒரு காப்பகம். அதன் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. ஊசுட்டேரி பறவைகள் சரணாலயமாகவும் இருப்பதால், அங்கே மீன் சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

ஆய்வாளர் அல்லாத ஒருவர் செய்யக்கூடியதும் நிறைய. தண்ணீர் வற்றும் மாதங்களில் ஏரியில் மீன் பிடிக்கும்போது, பெரிய மீன்களைக் கூடையில் போட்டபின் கரையில் கழித்துவிடும் பொடி மீன்களைப் பாருங்கள். ஒன்றை ஈரக் கையால் எடுத்து, தலை இடப்பக்கம் பார்க்கும்படி வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலோ நாணயமோ வைத்து, துடுப்புகள் விரிந்த நிலையில் படம் எடுங்கள். ஏரியின் பெயர், தேதி, பிடித்தவர் அந்த மீனுக்குச் சொல்லும் பெயர் மூன்றையும் எழுதிவையுங்கள். மீனவர்களும் இருளர்களும் ஒரே மாதிரி தெரியும் இரண்டு மீன்களுக்கு வெவ்வேறு பெயர் சொன்னால் இரண்டையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். அவர்கள் கண் தினமும் மீனைப் பார்க்கும் கண், அவர்கள் பிரிக்கும் இடத்தில் பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கும். வித்தியாசமாக ஒன்று தட்டுப்பட்டால் படத்தோடு விலங்கியல் துறை உள்ள கல்லூரிக்கோ சென்னை மையத்துக்கோ எழுதலாம். கல்லூரி ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பாகூர், ஊசுடு, வீராணம், பெருமாள் ஏரி ஒவ்வொன்றிலிருந்தும் எல்லாச் சிறு மீன்களின் மாதிரியையும் அனுமதி பெற்று, முறையாகப் பதிவு செய்து, மரபணுத் துணுக்கோடு சேர்த்து ஒரே இடத்தில் வைக்க வேண்டும். லெஷனோவின் மீன்களைப் பார்க்கப் பாரீஸ் போக நம் மாணவர்களுக்கு வசதி இருக்காது, ஆனால் அவர் மீன் எடுத்த நீர் இன்னும் இங்கேதான் ஓடுகிறது. ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மிச்சத்தையும் தின்று தீர்ப்பதற்குள் அந்தத் தொகுப்பைத் தொடங்கிவிட வேண்டும்.